நம்பகமான ஆர்.எல்.-இல் பிஎச்.டி. இடம் தேடுவது எப்படி: ஆழியாற்றுத் தண்ணீரை வைத்து ஒரு விளக்கம்

நான் ஊருக்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்தால் போதும், இன்ஜினியரிங் முடித்த யாராவது ஒருவர் சாயங்காலம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார். "அண்ணா, ஏ.ஐ.ல பிஎச்.டி. பண்ணலாம்னு இருக்கேனுங்க. எங்க அப்ளை பண்றதுங்க?" கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டில் பாலக்காடு ஐஐடி, அந்தப் பக்கம் செக்போஸ்ட் தாண்டினால் கோயம்புத்தூர். இரண்டும் பஸ் தூரம்தான். இருந்தும் ஆராய்ச்சிப் படிப்புக்கு எப்படிப் போவது என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. எனக்கும் கிடையாது. இரண்டு இன்டர்வியூவில் தோற்று, மூன்றாவதில் நுழைந்து, இப்போது நான்காவது வருடம் ஓடுகிறது. ஒவ்வொருவருக்கும் திண்ணையில் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

எங்கே அப்ளை பண்ணுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் "ரிலையபிள் ஆர்.எல்.", அதாவது நம்பகமான ஆர்.எல்., என்று விளம்பரத்தில் போட்டால் அதில் என்ன ஆராய்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஆர்.எல்., அதாவது ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங், என்றால் என்ன என்பது உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும்: ஏஜென்ட் ஒரு செயலைச் செய்யும், சூழல் ஒரு ரிவார்டு கொடுக்கும், மொத்த ரிவார்டு கூடுகிற மாதிரி ஏஜென்ட் தன் நடத்தையை மாற்றிக்கொண்டே போகும். அந்த நடத்தைக்குத்தான் பாலிசி என்று பெயர். கேட்க எளிதாக இருக்கும். எங்கே உடையும் என்று காட்ட என் சொந்த அனுபவம் ஒன்று.

எம்.டெக். படிக்கும்போது ஆழியாறு அணையை வைத்து ஒரு சின்ன சிமுலேட்டர் எழுதினேன். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளாவுக்கு வர வேண்டும் என்பது சித்தூர் தாலுகாவில் டீக்கடையில் உட்காரும் எவருக்கும் தெரியும். வருடாவருடம் இதற்காக ஒரு பஞ்சாயத்து நடக்கிற ஊர். சரி, ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிற ஒரு எபிசோடு (தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முழு ஆட்டம்), தினமும் ஒரு முடிவு, எத்தனை கன அடி திறப்பது. தமிழ்நாட்டுப் பக்கத்துப் பாசனத்துக்கு விட்டால் அன்றன்றைக்கு ரிவார்டு, வருடக் கடைசியில் மணக்கடவுக்கு 7.25 போய்ச் சேரவில்லை என்றால் பெரிய அபராதம். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் ரிவார்டு கிராஃப் அழகாக மேலே ஏறியிருக்கிறது, அபராதம் பூஜ்யம். கைடிடம் காட்டப் பெருமையாகக் கிளம்பினேன்.

அந்த வாரம் ஊருக்கு வந்தபோது, மூலத்தறை இடதுகரைக் கால்வாயை நம்பி நெல் போடுகிற என் மாமாவிடம் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவருக்கு கிராஃப் புரியாது என்று நினைத்து, மணக்கடவுக்குத் தினம் எவ்வளவு திறந்தது என்ற பட்டியலை வாசித்தேன். ஆகஸ்டில் சொட்டு. அக்டோபரில் சொட்டு. தை மாசத்தில் ஒன்றுமே இல்லை. மே கடைசியிலும் ஜூனிலும் மதகு முழுக்கத் திறப்பு. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "நாத்து காஞ்சதுக்கப்புறம் ஏழே கால் வந்தா என்ன, எழுவது வந்தா என்னடா?"

நான் எழுதிய விதியை ஏஜென்ட் துளிகூட மீறவில்லை. வருடக் கூட்டுத்தொகை சரியாக இருந்தது, பயிர்தான் செத்தது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஜூன் 30-க்கு அப்புறம் உலகமே இல்லை என்று அது நினைத்துக்கொண்டதால், அந்த 7.25 போக மிச்சமிருந்த தண்ணீரையும் கடைசி வாரத்தில் திறந்துவிட்டு அணையைக் காலி செய்தது. அடுத்த வருடத்துக்கு இருப்பு வைக்க அதற்கு ஒரு காரணமும் நான் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில்தான் இந்தத் துறை தொடங்குகிறது. 2016-இல் ஓபன்ஏஐ ஆட்கள் கோஸ்ட்ரன்னர்ஸ் என்ற படகுப் பந்தய கேமில் பார்த்ததும் இதே வகைதான். படகு பந்தயத்தை முடிக்காமல் ஒரு மூலையில் வட்டமடித்து, மற்றப் படகுகளை இடித்து, தீப்பிடித்து எரிந்துகொண்டே புள்ளி சேர்த்தது, அதுவும் மனிதர்கள் எடுப்பதைவிட அதிகமாக. இதை ரிவார்டு ஹேக்கிங் என்கிறார்கள். சாட்பாட்களை மனிதர்களின் விருப்பத்தை வைத்துப் பழக்குவதிலும் இதே நோய்தான் வேறு வேஷத்தில் வருகிறது: விருப்பத்தை அளக்க ஒரு மாடல் வைத்தால், அந்த மாடலை ஏமாற்ற சாட்பாட் கற்றுக்கொள்கிறது. இப்போது பணமும் ஆட்களும் அதிகம் போகிற பக்கம் இது. போட்டியும் அதற்குத் தக்கபடி.

என் வேலை அதற்குப் பக்கத்து அறையில், கட்டுப்பாடுகளோடு கற்பது. ரிவார்டைக் கூட்டு, ஆனால் இந்த எல்லையைத் தாண்டாதே என்று தனியாகச் சொல்வது. இதன் கணக்கு புதிதில்லை, கட்டுப்பாடுள்ள மார்க்கவ் முடிவுமுறை என்று 1990-களிலேயே ஒழுங்காக எழுதிவைத்துவிட்டார்கள். ஆழமான நியூரல் நெட்வொர்க்கோடு அதைச் சேர்க்கும்போதுதான் தலைவலி. மாமா சொன்னதற்கு அப்புறம் வருடக் கட்டுப்பாட்டைத் தூக்கிவிட்டு பதினைந்து நாளைக்கு ஒன்று என்று 24 கட்டுப்பாடுகள் போட்டேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு லக்ராஞ்ஜ் பெருக்கி, அதாவது கட்டுப்பாடு மீறினால் தானாக ஏறுகிற அபராத எடை. என்ன நடந்தது தெரியுமா? பெருக்கி ஏறும், ஏஜென்ட் பயந்து தண்ணீரை வாரிக்கொடுக்கும், பெருக்கி இறங்கும், மறுபடி கஞ்சத்தனம், மறுபடி ஏறும். மதகு ஆள் குடித்துவிட்டு வேலைக்கு வந்த மாதிரி. இந்த ஆட்டத்தை அடக்க பி.ஐ.டி. கன்ட்ரோலர் (பிழையைப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிற பழைய கட்டுப்பாட்டுக் கருவி) யோசனையைக் கொண்டுவந்த பேப்பர் ஒன்று 2020-இல் வந்தது. எலெக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்கள் கவனிக்கவும், உங்களுக்கு இங்கே கதவு திறந்தே இருக்கிறது, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களுக்கு பி.ஐ.டி. என்றால் கூச்சம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தக் கட்டுப்பாடுகள் வழக்கமாகச் சராசரியில்தான் பார்க்கப்படுகின்றன. ஒன்பது வருடம் 8 டி.எம்.சி. விட்டு பத்தாவது வருடம் அரை டி.எம்.சி. விட்டாலும் சராசரி 7.25 வந்துவிடும். அந்தப் பத்தாவது வருடத்தில் விவசாயியிடம் போய்ச் சராசரியைக் காட்ட முடியுமா? அதனால் மோசமான பத்து சதவீதத்தில் என்ன ஆகிறது என்று பார்க்கிற அளவைகள் உண்டு, அதை ஆபத்தைக் கணக்கில் எடுக்கும் ஆர்.எல். என்பார்கள். சென்னை ஐஐடியில் எல்.ஏ. பிரசாந்த் இதில் பல வருடமாக வேலை செய்கிறார்.

மற்ற அறைகளை வேகமாகக் காட்டிவிடுகிறேன். சிமுலேட்டரில் இருந்த உலகமும் நிஜ உலகமும் மாறுபட்டால் தாங்குமா என்பது ஒன்று, 2018 மாதிரி ஒரு மழை சிமுலேட்டரில் இல்லை என்றால் ஏஜென்ட்டுக்கு அது தெரியவே தெரியாது. இதன் கணக்கு அடித்தளம் 2005 வாக்கில் வந்த ரோபஸ்ட் எம்.டி.பி. (எம்.டி.பி. என்பது மேலே சொன்ன மார்க்கவ் முடிவுமுறைதான்) பேப்பர்களில் இருக்கிறது. பழைய பதிவேடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, புதுப் பாலிசியை நிஜத்தில் ஓட்டாமலே அது எப்படி இருக்கும் என்று உறுதியோடு சொல்ல முடியுமா என்பது இன்னொன்று. மருத்துவம், கல்வி பக்கம் போகிறவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் நோயாளியிடம் முயற்சி செய்து பார்க்க முடியாது. புரோகிராம் சரியா என்று கணக்காக நிரூபிக்கிற ஃபார்மல் மெத்தட்ஸ் ஆட்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள்: ஏஜென்ட் என்ன வேண்டுமானாலும் கற்கட்டும், ஆபத்தான செயலைச் செய்யப்போனால் பக்கத்தில் நிற்கிற ஒரு காவல் புரோகிராம் கையைப் பிடிக்கும். ஷீல்டிங் என்று பெயர், ஆஸ்திரியாவில் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலையில் இதற்கு வலுவான குழு உண்டு. எதிராளி வேண்டுமென்றே ஏமாற்றினால் என்ன ஆகும் என்றும் ஒரு கூட்டம் பார்க்கிறது. கோ விளையாட்டில் மனிதர்களை மிஞ்சிய கட்டாகோ புரோகிராமை ஏமாற்ற ஒரு தந்திரத்தை இன்னொரு புரோகிராம் கண்டுபிடிக்க, 2023-இல் அமெச்சூர் ஆட்டக்காரர் ஒருவர் அந்தத் தந்திரத்தைக் கற்று கட்டாகோவை வரிசையாகத் தோற்கடித்தார்.

கடைசி அறை எனக்குப் பிடித்தது, யாரும் பெரிதாக மதிக்காதது. முடிவு மறுபடி வருமா என்பது. அதே புரோகிராம், அதே அமைப்பு, ரேண்டம் சீட், அதாவது குருட்டாம்போக்கு எண்கள் தொடங்குகிற எண், மட்டும் வேறு (பிஎச்.டி. சீட் இல்லை, அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது). 2018-இல் வந்த ஒரு பேப்பரில், ஒரே அல்காரிதத்தைப் பத்து சீடில் ஓட்டி, ஐந்து ஐந்தாகப் பிரித்து இரண்டு கோடாக வரைந்து காட்டினார்கள். அது ஒரே அல்காரிதம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரண்டு கோடும் அவ்வளவு தள்ளி இருந்தது. 2021-இல் வந்த இன்னொரு பேப்பர், மூன்று நாலு தடவை ஓட்டிவிட்டுச் சராசரி போடுகிற பழக்கத்தை நேராகவே கேள்வி கேட்டது, நியூரிப்ஸ் மாநாட்டில் சிறந்த பேப்பர் விருதும் வாங்கியது. பெரிய ஜிபியு இல்லாத பிள்ளைகளுக்கு இதுதான் நல்ல வாசல் என்பது என் கட்சி. புள்ளியியல் தெரிந்தால் போதும், பொறுமை இருந்தால் போதும்.

சரி, இனி செய்ய வேண்டிய வேலை.

முதல் ஆறு மாதம் படிப்பு. சட்டன், பார்டோ எழுதிய புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது, இருவரும் 2024-க்கான டியூரிங் விருது வாங்கியவர்கள். அந்த பார்டோவின் மாணவர்தான் சென்னை ஐஐடியின் பாலராமன் ரவீந்திரன், அவருடைய ஆர்.எல். பாடம் என்.பி.டி.இ.எல்.-இல் இலவசம். பம்பாய் ஐஐடியில் சிவராம் கல்யாணகிருஷ்ணன் நடத்தும் பாடத்தின் வீடியோவும் திறந்தே கிடக்கிறது, வீட்டுப்பாடங்களை நிஜமாகச் செய்து பாருங்கள், வீடியோவை மட்டும் ஒன்றரை வேகத்தில் பார்த்துவிட்டு முடித்தாயிற்று என்று சொல்லாதீர்கள். இதோடு நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும். இவை இரண்டும் இல்லாமல் இந்தத் துறைக்குள் வந்தால் இரண்டாம் வருடம் அழுவீர்கள், நான் அழுதேன்.

அடுத்தது, ஒரு பேப்பரை எடுத்து மறுபடி செய்து பார்ப்பது. இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் நீங்கள் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். புகழ்பெற்ற பேப்பர் வேண்டாம், இரண்டு மூன்று வருடத்துக்குள் வந்த, புரோகிராமையும் வெளியிட்ட, லேப்டாப்பில் ஓடக்கூடிய ஒன்று. பத்து சீடில் ஓட்டுங்கள். அவர்களுடைய கிராஃப் வருகிறதா? வராத சீடில் என்ன நடக்கிறது? வீடியோ எடுத்துப் பாருங்கள், தினப்படிப் பட்டியலைப் பாருங்கள், என் மாமா பார்த்த மாதிரி. சராசரிக் கோட்டில் எதுவும் தெரியாது. என் அணை கதையில் வந்த கடைசி வாரக் கூத்துக்கு விடை, ஆர்.எல். சூழல்களை எழுத உதவும் ஜிம்னேசியம் லைப்ரரியிலேயே இருந்தது: எபிசோடு நிஜமாக முடிந்ததா, நேரம் போதாமல் நாம் வெட்டினோமா என்பதற்கு அதில் இரண்டு தனி மாறிகள் உண்டு. நான் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிவந்த புரோகிராம்களிலும் இந்தத் தப்பு இருக்கிறது, தேடினால் கிடைக்கும். கிடைத்தால் அது உங்கள் சொத்து.

அப்புறம் ஓபன்ரிவ்யூ. ஐசிஎல்ஆர் மாநாட்டுக்கு வருகிற பேப்பர்களின் விமர்சனங்கள் அங்கே எல்லோரும் படிக்கும்படி கிடக்கின்றன. ஒரு பேப்பரைப் படித்துவிட்டு, விமர்சகர் எங்கே பிடித்தார், எழுதியவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று படியுங்கள். இது ஒரு இலவச டியூஷன், நம் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குக்கூட இது தெரிவதில்லை. ஆர்.எல்.-க்கென்றே தனி மாநாடு 2024-இல் ஆம்ஹர்ஸ்டில் தொடங்கியது, அடுத்த வருடம் எட்மன்டனில் நடந்தது. அதில் வந்த பேப்பர்களின் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரைபடம் மனதில் விழும். உங்களுக்குப் பிடித்த ஐந்து பேப்பரின் முதல் ஆசிரியர் பெரும்பாலும் மாணவர், கடைசிப் பெயர் பெரும்பாலும் கைடு. அந்தக் கடைசிப் பெயர்களைக் குறித்துவையுங்கள். பல்கலைக்கழகத் தரவரிசையைப் பார்த்துத் தேடுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

இந்தியாவுக்குள் என்றால் பெங்களூர் ஐஐஎஸ்சியில் ஷலப் பட்நாகர் வழியில் வந்த ஒரு நீண்ட மரபு உண்டு, அல்காரிதம் எங்கே போய் நிற்கும் என்று நிரூபிப்பதில் கெட்டிக்காரர்கள். சென்னை, பம்பாய் ஐஐடிகளைச் சொல்லியாயிற்று. பாலக்காடு, திருப்பதி ஐஐடிகள் இரண்டும் 2015-இல் தொடங்கியவை, சின்னவை, அதனால் கைடு உங்களுக்கு அதிக நேரம் கொடுக்க வாய்ப்புண்டு. ஆசிரியர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், அப்ளை பண்ணுகிற அன்று துறைப் பக்கத்தைத் திறந்து ஆள் அங்கே இருக்கிறாரா, மாணவர் எடுக்கிறாரா என்று பாருங்கள். பொதுவாக வருடத்துக்கு இரண்டு தடவை, மார்ச் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர் நவம்பர் வாக்கிலும் விளம்பரம் வரும். கேட் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும், 2024 முதல் டேட்டா சயின்ஸ் அண்ட் ஏ.ஐ.-க்குத் தனித்தாள் இருக்கிறது, கணக்கு பிடித்தவர்களுக்கு அது தோது. ஃபெல்லோஷிப் 2023 முதல் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் 2018-இல் வந்தபோது 70,000-இல் தொடங்கி கடைசி வருடங்களில் 80,000 வரை வைத்தார்கள். விதிகள் மாறுவதால் அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். வீட்டில் "இன்னும் படிப்பா, சம்பாதிக்கிறது எப்போ" என்று கேட்டால் இந்தத் தொகையைச் சொல்லுங்கள். என் அம்மா தொகையைக் கேட்ட பிறகுதான் "சரி படிடா" என்றார்.

நேராக பிஎச்.டி. கிடைக்காவிட்டால் சென்னை ஐஐடியின் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பு மாதிரி ஒரு படி ஏறலாம், அல்லது ஒரு லேபில் புராஜெக்ட் அசோசியேட்டாக ஒரு வருடம் சேரலாம். அந்த ஒரு வருடத்தில் கைடுக்கு உங்களைத் தெரிந்துவிடும், உங்களுக்கும் அவரைத் தெரிந்துவிடும், கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கிறதைவிட இது பாதுகாப்பு.

வெளிநாடு என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குணம். அமெரிக்காவில் துறைக்கு அப்ளை பண்ணுவீர்கள், கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதி, பல இடங்களில் ஜி.ஆர்.இ. கேட்பதில்லை, ஆனால் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் கட்டணம் உண்டு. கட்டண விலக்குக் கேட்டு எழுதினால் பல துறைகள் தருகின்றன, கேட்க வெட்கப்படாதீர்கள். ஜெர்மனி, நெதர்லாந்து பக்கம் பிஎச்.டி. என்பது வேலை, சம்பளம் உண்டு, ஒரு குறிப்பிட்ட புராஜெக்ட்டுக்கு ஆள் தேடி விளம்பரம் போடுவார்கள், வருடம் முழுக்க வரும். நெதர்லாந்தில் பெரும்பாலும் நான்கு வருட ஒப்பந்தம். ஐரோப்பா முழுக்க எலிஸ் என்றொரு பிஎச்.டி. திட்டம் இருக்கிறது, இரண்டு நாடுகளில் இரண்டு கைடு, இலையுதிர் காலத்தில் அழைப்பு வரும். மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் என்பதும் நல்ல சம்பளம் தருவது. அதன் விதி விசித்திரமானது, சேருகிற நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. கொழிஞ்சாம்பாறையிலேயே இருந்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். கனடாவில் எட்மன்டன் ஆர்.எல்.-இன் தாய்வீடு மாதிரி, சட்டன் அங்கேதான்.

இப்போது மெயில். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் ஹைலி இன்ட்ரெஸ்டட் இன் யுவர் எஸ்டீம்ட் ரிசர்ச்" என்று தொடங்கினால் இரண்டாவது வரி வரை யாரும் போக மாட்டார்கள். நானும் நாற்பது பேருக்கு அப்படி அனுப்பினேன், ஒரு பதில் வந்தது, அதுவும் தானியங்கி விடுமுறைப் பதில். அப்புறம் அனுப்பி பதில் வாங்கிய மெயிலின் சாரம் இது, நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள்:

"புரொஃபசர், உங்கள் குழுவின் பேப்பரோடு வந்த புரோகிராமைப் பத்து சீடில் ஓட்டினேன். ஏழில் உங்கள் முடிவு வந்தது. மூன்றில் கட்டுப்பாடு மீறப்பட்டது, மீறல் எல்லாமே எபிசோடின் கடைசிப் பகுதியில். நேரம் முடிவதை உண்மையான முடிவாக எடுத்துக்கொண்டதுதான் காரணமாக இருக்கலாம் என்று அதை மாற்றினேன், மூன்று ஒன்றானது. மிச்சமுள்ள ஒன்று ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரோகிராமும் படங்களும் இணைப்பில். உங்களிடம் பிஎச்.டி. இடம் இருந்தால் அப்ளை பண்ண விரும்புகிறேன்."

அவ்வளவுதான், பத்து வரி. குற்றம் கண்டுபிடித்த தொனி வேண்டாம், "புரியவில்லை" என்ற வரி மட்டும் உண்மையாக இருக்கட்டும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் அடுத்த பெயர். மெயிலை ஏ.ஐ.யிடம் கொடுத்து மெருகேற்றாதீர்கள், அவர்களுக்கு ஒரு நாளைக்கு அந்த மாதிரி ஐம்பது வருகிறது, வாசனையே தெரிந்துவிடும்.

இன்டர்வியூ. எதிர்கால ரிவார்டைப் படிக்கு ஒரு தடவை பெருக்கிக் குறைக்கிற எண்ணை காமா என்பார்கள். என் முதல் இன்டர்வியூவில், பெயர் வேண்டாம், ஒரு நல்ல இடம்தான், உள்ளே நுழைந்ததும் கேட்ட கேள்வி: "காமா ஏன் ஒன்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும்?" மனப்பாடமாக "எதிர்கால ரிவார்டைக் குறைத்து மதிப்பிட" என்றேன். "அது பெயர்க்காரணம், ஏன் என்று கேட்டேன்" என்றார். முடிந்தது. பதில் இப்படிப் போகவேண்டும்: ஒவ்வொரு நிலையின் மதிப்பையும் பற்றி இரண்டு வேறு ஊகங்களை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் அதிகபட்ச வித்தியாசம் 100. பெல்மன் சமன்பாட்டை (ஒரு நிலையின் மதிப்பு என்பது இப்போதைய ரிவார்டும் அடுத்த நிலையின் மதிப்பில் காமா மடங்கும் சேர்ந்தது என்கிற கணக்கு) இரண்டின் மேலும் ஒரு தடவை போட்டால் வித்தியாசம் காமா மடங்குக்குமேல் இருக்காது. காமா 0.9 என்றால் 90-க்குள், அடுத்தது 81-க்குள், இப்படிச் சுருங்கிக்கொண்டே போய் இரண்டும் ஒரே புள்ளியில் சேரும். அதனால்தான் விடை ஒன்று உண்டு, அது ஒன்றே ஒன்றுதான் என்று சொல்ல முடிகிறது. காமா 1 என்றால் இந்தச் சுருக்கம் பொதுவாகக் கிடைக்காது. எந்தப் பாலிசியை எடுத்தாலும் ஆட்டம் கட்டாயம் முடிவு நிலைக்கு வந்துதான் தீரும் என்றால் மட்டும் வேறு அளவையில் காப்பாற்றலாம்.

கூடவே கைக்கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு முடிவு, காமா 0.99 என்றால், ஒரு வருடம் கழித்து வரும் ஒரு ரூபாய்க்கு இன்றைக்கு மதிப்பு இரண்டரை பைசா. என் அணை ஏஜென்ட்டுக்கு முதலில் இந்த காமாவைத்தான் போட்டேன், வருடக் கடைசி அபராதத்தை அது சட்டையே செய்யவில்லை, ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. மூன்றாவது இன்டர்வியூவில் இந்த இரண்டரை பைசா கதையைச் சொன்னேன். போர்டில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன், அதற்கப்புறம் அவர்கள் கேட்டதெல்லாம் ஆழியாறு பற்றித்தான். தமிழ் மீடியத்தில் படித்தவன் நான், இங்கிலீஷ் தடுமாறும். போர்டில் சாக்பீஸ் ஓடுகிறவரை அதை யாரும் கவனிப்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, "ஆனால் இப்படித் தொடங்குவேன்" என்று ஒரு படி நடந்து காட்டினால் அதற்கு மார்க் உண்டு.

எல்லைப்புறப் பிள்ளைகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. ஓ.பி.சி. மத்தியப் பட்டியல் மாநிலவாரியாக இருக்கிறது, தமிழ்நாட்டில் உள்ள பெயர் கேரளப் பட்டியலில் அதே எழுத்தில் இருக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். நான்-கிரீமி லேயர் சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டுத் தேதியோடு கேட்பார்கள். மாநிலப் படிவத்தில் வாங்கிப்போய் கவுண்டரில் திருப்பி அனுப்பப்பட்டவன் நான். வில்லேஜ் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்ததில் ஒன்பது நாள் போனது, கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான் கையில் வந்தது. விளம்பரத்துக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், எஸ்.எஸ்.எல்.சி.யில் விரித்த பெயர், டிகிரியில் வேறு ஸ்பெல்லிங் என்று இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள், பாஸ்போர்ட்டில் போய் முட்டும். சிபாரிசுக் கடிதத்துக்கு, பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் புராஜெக்ட்டை நிஜமாகப் பார்த்தவரிடம் கேளுங்கள், ஒரு மாதம் முன்னால்.

இடம் கிடைத்துவிட்டது என்று மெயில் வந்தால் உடனே ஆமாம் சொல்லாதீர்கள், இரண்டு நாள் எடுங்கள். அந்தக் குழுவில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரையும், முடித்துப் போனவர் ஒருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். கைடு வாரத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுகிறாரா, மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், பாதியில் போனவர்கள் உண்டா, ஏன், ஜிபியு வரிசையில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், முடிவு வராத சோதனையைக் காட்டினால் கைடு என்ன சொல்வார். கடைசிக் கேள்விக்கு அந்த மாணவர் பதில் சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்று பாருங்கள். நான் கேட்டபோது அந்த அக்கா சிரித்துவிட்டு, "வராததைத்தான் முதல்ல காட்டச் சொல்வார்" என்றார். அன்றைக்கே சம்மதம் எழுதிவிட்டேன்.